தரச்சான்றுக்கு அனுப்பிய நான்கு பழைய அமெரிக்க வெள்ளி நாணயங்கள்: ஒரு சேவை மதிப்புரை

கடந்த ஆண்டு என் சேகரிப்பில் இருந்த நான்கு பழைய அமெரிக்க வெள்ளி நாணயங்களைத் தரச்சான்றுக்கு, அதாவது நாணயம் அசலா என்று பார்த்து அதன் நிலைக்கு ஓர் எண் கொடுக்கும் நிறுவனத்துக்கு, அனுப்பினேன். 1799ஆம் ஆண்டு டாலர், 1805ஆம் ஆண்டு கால் டாலர், 1827ஆம் ஆண்டு அரை டாலர், 1829ஆம் ஆண்டு அரை டைம் (ஐந்து சென்ட்) ஆகிய நான்கும் பிலடெல்ஃபியா நாணயச்சாலையில், ஆட்கள் கையால் இழுத்துச் சுழற்றிய திருகு அச்சுப்பொறியில் அடிக்கப்பட்டவை. ஏழு வாரம் கழித்து அவை ஸ்லாப் எனப்படும் கெட்டிப் பிளாஸ்டிக் உறைகளுக்குள் திரும்பி வந்தன. மூன்றின் சீட்டில் தர எண் இருந்தது, ஒன்றின் சீட்டில் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குற்றச்சாட்டு இருந்தது. நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை, ஏனெனில் சொல்லவிருக்கும் குறைகளில் பெரும்பகுதி இந்தத் தொழில் முழுவதற்கும் பொதுவானது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாணயம் அசலா, பிற்பாடு யாராவது அதில் கைவைத்திருக்கிறார்களா என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்தச் சேவை தரும் பதிலை நம்பலாம், ஆனால் 1836க்கு முந்தைய வெள்ளிக்கு அது தரும் எண்ணை ஒருவரின் கருத்தாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழந்தமிழில் வண்ணக்கன் என்று ஒரு சொல் உண்டு. காசு நோட்டம் பார்ப்பவர் என்று பொருள். சங்கப் புலவர் சிலரின் பெயரோடு அது ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அந்த நோட்டக்காரருக்கு உலோகத்தின் தரமும் எடையும் தெரிந்தால் போதும். இன்றைய தரநிர்ணயக்காரரோ தேய்மானத்தையும் மேற்பரப்பையும் பார்த்து, ஒன்று முதல் எழுபது வரை ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும். இந்த எழுபது புள்ளி அளவுகோலை 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் உருவாக்கியபோது, அவர் மனத்தில் இருந்தவை வெள்ளி நாணயங்களே அல்ல, அமெரிக்காவின் பழைய பெரிய செப்புக் காசுகள். மிக மோசமான நிலையில் இருக்கும் காசின் விலை ஒரு மடங்கு என்றால், அப்பழுக்கற்ற காசின் விலை எழுபது மடங்கு என்ற அன்றைய சந்தைக் கணக்கிலிருந்து பிறந்தது அந்த எழுபது. செப்புக் காசு விலை அந்தக் கணக்கை வெகு சீக்கிரத்திலேயே மீறிவிட்டது; எண் மட்டும் தங்கி, எல்லா உலோகங்களுக்கும் பரவி, 1986, 1987ஆம் ஆண்டுகளில் மூன்றாம் தரப்புத் தரச்சான்று நிறுவனங்கள் பெரிய அளவில் தொடங்கியபோது அவற்றின் மொழியாகவே ஆகிவிட்டது. இந்தப் பின்னணி தெரிந்தவர்கள் எண்ணைப் பார்த்து அவ்வளவாகப் பரவசப்படுவதில்லை.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். 1799 டாலரை நான் அனுப்பியதே அது அசல்தானா என்று தெரிந்துகொள்ளத்தான். அந்த ஆண்டுக்குரிய 4,23,515 டாலர்கள் என்பது அக்காலத்துக்குப் பெரிய எண்ணிக்கை. அதனால் ஆரம்பகால டாலர் வகைக்கு ஒன்று வேண்டும் என்று தேடுபவர்கள் பெரும்பாலும் வந்து நிற்பது இந்த ஆண்டில்தான். போலி செய்பவர்களும் அதை அறிவார்கள். போலி நாணயத்தில் அது நகல் என்ற சொல் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று 1973ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் சொல்கிறது, ஆனால் ஏமாற்ற நினைப்பவர் சட்டம் படித்துவிட்டா அச்சடிக்கிறார்? 1792ஆம் ஆண்டுச் சட்டப்படி டாலரின் எடை 416 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 26.96 கிராம்; என்னுடையது தராசில் 26.8 கிராம் காட்டியது. விளிம்பில் இருக்க வேண்டிய எழுத்துகளும் இருந்தன. இருந்தும் எனக்குத் தூக்கம் கெட்டது பின்புறத்தில் இருந்த ஐந்து கோடுகளால். கழுகின் தலைக்கு மேலே உள்ள மேகங்களின் குறுக்கே, ஒன்றுக்கொன்று இணையாக, அரம் போட்டு இழுத்ததைப் போல அவை ஓடின.

உண்மையில் அரம் போட்டு இழுத்ததுதான். வெள்ளியைக் கொண்டுவந்து ஒப்படைத்தவருக்கு அதே மதிப்புள்ள நாணயமாகத் திருப்பித் தருவது அன்றைய முறை. வெள்ளியின் தரத்தைக் குறைக்கும் அல்லது கையாடும் நாணயச்சாலை ஊழியருக்கு மரண தண்டனை என்றே 1792ஆம் ஆண்டுச் சட்டம் எழுதி வைத்திருந்தது. எனவே ஒவ்வொரு வெள்ளி வில்லையும் அச்சுக்குப் போகும் முன் நிறுக்கப்பட்டது. எடை குறைந்தவை உருக்குவதற்குத் திரும்பின. எடை கூடியவற்றை அரத்தால் தேய்த்துச் சரிசெய்தார்கள். அப்படி விழுந்த கோடுகள் திருகு அச்சுப்பொறியின் அழுத்தத்திலும் முழுவதும் அழியாமல் தங்கிவிடுவதுண்டு. பிற்காலத்தில் விழுந்த கீறலிலிருந்து இதைப் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது: கீறல் புடைப்பின் உச்சியை அறுத்துச் செல்லும், அதன் இரு கரையிலும் உலோகம் லேசாக மேலெழும்பி நிற்கும், எடைச்சரிக் கோடோ அச்சடிப்புக்கு முந்தையது என்பதால் உச்சியில் அமுங்கி, பள்ளங்களை ஒட்டியே தெளிவாகத் தெரியும், கரையும் எழும்பியிருக்காது. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் கண்ணாடியில் என் கண்ணுக்கு இரண்டாவது வகை என்றே பட்டது. நிறுவனமும் அப்படியே கொண்டது. எந்தக் குறையும் எழுதாமல் விஎஃப் 30, அதாவது மிதமான தேய்மானம், என்று கொடுத்தது. நான் மனத்துக்குள் போட்டு வைத்திருந்த எண்ணும் 25க்கும் 30க்கும் இடையில்தான் இருந்தது. ஒரு நாணயத்துக்கு மட்டும் அனுப்பியிருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன்.

சிக்கல் அரை டாலரில் வந்தது. இந்த நாணயத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாவிட்டால் என் குறை விளங்காது. டாலர் அச்சடிப்பு 1804இல் நின்றுபோன பிறகு, அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அரை டாலரே நாட்டின் மிகப்பெரிய வெள்ளி நாணயமாக இருந்தது. வங்கிகள் அதை மூட்டைகளாகக் கட்டி இருப்பில் வைத்தன. ஒரு வங்கி இன்னொன்றுக்குக் கணக்குத் தீர்க்க மூட்டையையே அனுப்பியது. கடைத்தெருவில் மக்களின் கையில் புழங்கியதில் பெரும்பகுதி ஸ்பானிய அமெரிக்க வெள்ளி. அது 1857 வரை சட்டப்படி செல்லுபடியாகவும் இருந்தது. இதனால் ஜான் ரைக் வடிவமைத்து 1807இல் வெளிவந்த தொப்பியணிந்த லிபர்ட்டி (சுதந்திரத்தைக் குறிக்கும் பெண்) உருவ அரை டாலர்கள் பல, அதிகம் புழங்காமல், மூட்டைக்குள் ஒன்றோடொன்று உரசிக்கொண்ட அடையாளத்தோடு மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. கன்னத்தின் மேட்டில் தெரியும் அந்த மெல்லிய சாம்பல் நிறம் புழக்கத்தால் வந்ததா, மூட்டையால் வந்ததா என்பது ஏறக்குறையப் புழங்காதது என்னும் ஏயூ 58க்கும் புழங்கவே இல்லை என்னும் எம்எஸ் எண்களுக்கும் இடையே ஓயாமல் நடக்கும் வழக்கு.

இதற்கும் முன்னால் இன்னொரு வழக்கு இருக்கிறது. திருகு அச்சுப்பொறியின் அழுத்தம் எல்லா இடத்திலும் அச்சின் பள்ளத்தை நிரப்பப் போதுவதில்லை. ஒரு பக்கத்து ஆழமான பள்ளத்துக்கு நேர் எதிரே மறுபக்கத்திலும் ஆழமான பள்ளம் இருந்தால், இரண்டையும் நிரப்ப அந்த இடத்தில் உலோகம் பற்றாது. தோளில் உள்ள ஆடைக் கொக்கி, நட்சத்திரங்களின் நடுக்கோடுகள், கழுகின் தலைக்கு மேல் பட்டையில் எழுதியிருக்கும் இலத்தீன் வாசகம் ஆகியவை இப்படிப் பிறவியிலேயே மழுங்கி வருவது சாதாரணம். பார்ப்பதற்கு இது தேய்மானம் போலவே இருக்கும். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு குண்டு பல்பின் கீழ் நாணயத்தை மெல்லச் சாய்த்துச் சுழற்ற வேண்டும். தேய்ந்த இடம் வழவழப்பாக, சுற்றியுள்ள பரப்பைவிட நிறம் மாறி, ஒளி ஓடாமல் செத்துக் கிடக்கும். அச்சு பதியாத இடத்தில் வில்லையின் பழைய சொரசொரப்பு அப்படியே இருக்கும், ஒளிக்கற்றை அதன் மேலும் தடையின்றி ஓடும்.

என் 1827 அரை டாலரின் கொக்கி பாதிதான் தெரிகிறது; ஆனால் கொக்கியின் மேலும் அதைச் சுற்றியும் ஒளி சக்கரம் போல ஓடுகிறது, நட்சத்திரங்களுக்கு நடுவே அசல் பளபளப்பு உடையாமல் இருக்கிறது. கண்காட்சி ஒன்றில் 240 டாலர் கொடுத்து வாங்கியபோது ஏயூ 50க்குக் குறையாது என்று கணித்தேன். வந்தது எக்ஸ்எஃப் 45, அதாவது ஏயூவுக்கு ஒரு படி கீழே. ஏன் என்று கேட்க வழியில்லை, ஏனென்றால் இந்தச் சேவை காரணம் சொல்வதில்லை. மருத்துவரிடம் போய் நோயின் பெயர் தெரியாமல் மாத்திரைச் சீட்டு மட்டும் வாங்கி வந்ததைப் போல இருந்தது.

போதாக்குறைக்கு அச்சு வகை எண்ணும் தவறாக இருந்தது. அக்காலத்தில் லிபர்ட்டியின் உருவமும் கழுகும் மட்டுமே பொது மூலத்திலிருந்து அச்சில் இறக்கப்பட்டன. நட்சத்திரங்கள், ஆண்டு எண்கள், எழுத்துகள் அனைத்தும் ஒவ்வோர் அச்சிலும் தனித்தனியாகக் கையால் தட்டி இறக்கப்பட்டன. எனவே எந்த இரண்டு அச்சும் ஒன்றுபோல் இருக்காது. அரை டாலர்களில் இந்த வேறுபாடுகளை ஓவர்ட்டன் எண்ணால் குறிப்பார்கள். 54 இலட்சத்துக்கும் மேல் அச்சிடப்பட்ட 1827க்கு மட்டும் இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பட்டையில் உள்ள ஒரு குறிப்பிட்ட எழுத்து மேலே உள்ள எழுத்தின் எந்தப் பக்கத்துக்கு நேராக நிற்கிறது, மதிப்பைக் குறிக்கும் எண்ணின் இரு இலக்கங்களும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன, கடைசி நட்சத்திரத்தின் முனை சுருள்முடியின் எந்த மடிப்பை நோக்குகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் வகையை உறுதிசெய்ய முடியும். இதற்கெனத் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, ஆண்டு எண்ணில் உள்ள 2 என்ற இலக்கத்தின் அடி வடிவத்தையே தவறாகப் படித்திருந்தார்கள். அந்த ஆண்டில் அடி சதுரமாக உள்ள 2 உண்டு, வளைந்து சுருண்ட 2 உண்டு. என் நாணயத்தில் உள்ளது சதுரம் என்பதைக் கண்ணாடி போடாமலே சொல்லலாம்.

தவற்றைத் திருத்த மறு கட்டணம் கேட்கவில்லை, அதற்கு நன்றி. தபால் செலவு என் தலையில். எப்படியும் அனுப்புகிறோமே என்று தர எண்ணையும் மறுபரிசீலனைக்குக் கட்டணம் கட்டிச் சேர்த்து அனுப்பினேன். இம்முறை ஏயூ 50 என்று வந்தது. அதே நாணயம், அதே நிறுவனம், இடையில் மூன்று மாதம். நான் நினைத்த எண் கிடைத்ததில் மகிழ்ச்சி வர வேண்டும், வரவில்லை. இரண்டு முறையும் சேர்த்துக் கட்டணம், காப்பீடு, பதிவுத் தபால் என்று 130 டாலருக்கு மேல் செலவாகியிருந்தது, அந்த ஐந்து புள்ளிகளால் நாணயத்தின் விலை அந்த அளவுக்கு உயரவும் இல்லை. மூன்றாவது முறை அனுப்பினால் 53 வந்தாலும் வியப்பதற்கில்லை. இப்படி ஒரே நாணயத்தை உறையை உடைத்து உடைத்து மீண்டும் அனுப்பி எண்ணை ஏற்றுவதைத் தொழிலாகவே செய்பவர்கள் உண்டு. காலப்போக்கில் எண்களே தளர்ந்துவிட்டன, முன்பு எக்ஸ்எஃப் எனப்பட்டவை இன்று ஏயூ உறைகளில் இருக்கின்றன என்ற புலம்பல் அனுபவமுள்ள சேகரிப்பாளர்களிடம் அடிக்கடி கேட்பது. 2007இல் தொடங்கப்பட்ட சிஏசி போன்ற நிறுவனம், பிறர் கொடுத்த எண்ணுக்கு நாணயம் தகுதியானதா என்று பார்த்து உறையின் மேல் பச்சை ஒட்டுச்சீட்டு ஒட்டுவதை ஒரு தனிச் சேவையாக நடத்த முடிகிறது என்பதே நிலைமையைச் சொல்லிவிடும்.

இனி அந்தக் கால் டாலர். 1805ஆம் ஆண்டுக்குரியது, நல்ல தேய்மானம், 410 டாலர். விற்றவர் அசல் சாம்பல் நிறம் என்றார், கண்காட்சிக் கூடத்தின் குழல் விளக்கில் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. உறைச் சீட்டில் தர எண் இல்லை. விஜி அளவுத் (பலத்த) தேய்மானம், சுத்தம் செய்யப்பட்டது என்று மட்டும் இருந்தது. முதலில் கோபம்தான் வந்தது. இரவில் ஒற்றைப் பல்பின் கீழ் வைத்துச் சாய்த்தபோது, எழுத்துகளுக்கும் விளிம்புக்கும் இடையே, புழக்கத்தில் விரல் எளிதில் போகாத ஒடுக்கமான பரப்பில், மயிர்போல மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடுவது தெரிந்தது. மேட்டில் தேய்மானம் கோடுகளை அழித்துவிடும், பள்ளத்தில் அப்படியே நிற்கும். அதோடு அந்தச் சாம்பல் நிறம் மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே சீராக இருந்தது. தானாக ஏறும் நிறம் அப்படி இருக்காது. நட்சத்திரங்களைச் சுற்றி ஆழமாகவும் மேட்டில் வெளிறியும்தான் இருக்கும். எப்போதோ ஒருவர் தேய்த்துப் பளபளப்பாக்கி, பிறகு அது மீண்டும் மங்கியிருக்கிறது. விற்றவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். வேறொரு வியாபாரியிடம் காட்டியபோது 200 டாலருக்குத்தான் கேட்டார்.

இந்த இடத்தில் நிறுவனத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும். தேய்த்தல், அமிலத்தில் முக்குதல், ஓட்டையை அடைத்தல், எழுத்தைச் செதுக்கி மாற்றுதல் போன்ற கைவரிசைகளைப் பிடிப்பதில் அவர்களுக்குப் பழகிய கண் இருக்கிறது, அங்கே அவர்களுக்குத் தடுமாற்றமும் இல்லை. வெள்ளியை முக்கும் திரவம் கறையோடு சேர்த்து மேற்பரப்பின் மெல்லிய ஒளிவரிகளையும் கரைத்துவிடுகிறது, பிறகு அந்த நாணயம் வெள்ளையாக இருக்கும், ஒளி மட்டும் ஓடாது. பழைய பிளாஸ்டிக் பைகளிலிருந்து ஒட்டிக்கொண்ட பச்சைப் பிசுக்கை அசிட்டோனில் அலசுவது மட்டும் குற்றமாகக் கொள்ளப்படுவதில்லை, ஏனெனில் அது உலோகத்தைத் தொடுவதில்லை. வேறு எதையும் கொண்டு வெள்ளியைத் தொட வேண்டாம் என்பதை 210 டாலர் நட்டத்தில் நான் கற்றுக்கொண்டேன்.

அரை டைம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1805க்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அடிக்கப்படாமல் இருந்து, 1829 ஜூலை 4 அன்று புதிய நாணயச்சாலைக் கட்டடத்தின் அடிக்கல் விழாவையொட்டி மீண்டும் வெளிவந்த சிறு நாணயம் அது. எம்எஸ் 62 என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன்.

உறையைப் பற்றி ஒரு தனிப்பட்ட வருத்தம் உண்டு. 1836இல் நீராவி அச்சுப்பொறியும் வரிப்பள்ள விளிம்பும் வரும்வரை அரை டாலரின் விளிம்பில் அதன் மதிப்பு சொற்களாக எழுதப்பட்டிருந்தது. வில்லையை இரண்டு பட்டைகளுக்கு நடுவே உருட்டி அந்த எழுத்துகளைப் பதித்த பிறகே அச்சுக்கு அனுப்பினார்கள். சில நேரம் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழும், சில நேரம் ஒரு சொல் விடுபடும். அடைக்கப்பட்ட ஓட்டை, உருக்கி வார்த்த போலியின் இணைப்புக்கோடு ஆகியவையும் முதலில் காட்டிக்கொடுப்பது விளிம்பில்தான். நாணயத்தின் மூன்றாவது முகம் என்று சொல்லத்தக்க இதை உறை கிட்டத்தட்ட முழுவதுமாக மூடிவிடுகிறது. நான்கு முனைகளில் மட்டும் பிடித்துக்கொள்ளும் புதிய உறைகளில் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம், எனக்கு வந்தவற்றில் ஒன்றுதான் அப்படிப்பட்டது. எனவே உறைக்குள் போகும் முன் விளிம்பைப் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நான் அரை டாலருக்கு மட்டும் எடுத்திருந்தேன், டாலருக்கு எடுக்காமல் விட்டது இன்றும் உறுத்துகிறது.

நான்கு வாரம் என்று சொல்லி ஏழு வாரம் ஆனதைப் பெரிய குற்றமாக நான் கருதவில்லை. இடையில் எங்கே இருக்கிறது என்று இணையத்தில் பார்த்துக்கொள்ள முடிந்தது, திரும்பி வந்த பொட்டலமும் காப்பீட்டோடு ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தது. கட்டணம் நாணயத்தின் மதிப்பைப் பொறுத்து ஏறுகிறது. ஆகவே நூறு, நூற்றைம்பது டாலர் பெறுமான, சாதாரண ஆண்டுக்குரிய, தேய்ந்த அரை டாலர்களை அனுப்புவது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான். அந்தப் பணத்துக்கு இன்னொரு அரை டாலரே வாங்கலாம். விலை ஆயிரத்தைத் தாண்டும் டாலர் நாணயங்களையும், 6,146 மட்டுமே அச்சிடப்பட்ட 1796 கால் டாலர் போன்ற அரியவற்றையும் சான்று இல்லாமல் வாங்கவே கூடாது என்பேன். நடுவில் உள்ளவற்றுக்கு, எண் வேண்டும் என்பதற்காக அனுப்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் அனுப்புங்கள்.

அடுத்து அனுப்பவிருப்பதும் அப்படி ஒரு சந்தேகம்தான். நண்பர் ஒருவர் விற்க விரும்பும் 1795 டாலரின் நடுவில், மேலிருந்து ஒளி விழும்போது, வட்டமாக ஒரு மங்கிய கோடு தெரிகிறது. எடை குறைந்த வில்லையின் நடுவே நாணயச்சாலையே சிறு வெள்ளித் துண்டைச் செருகி, அதன் மேல் அச்சடித்த டாலர்கள் அந்த ஆண்டில் உண்டு. அவற்றுக்கு விலை கூடுதல். பிற்காலத்தில் யாரோ கழுத்தில் தொங்கவிடத் துளைத்து, பிறகு அடைத்து மறைத்தது என்றால் விலை பாதிக்கும் கீழே. லிபர்ட்டியின் கூந்தல் வரிகள் அந்த வட்டத்தின் மேல் முறியாமல் செல்வதாகவே லூப்பில் தெரிகிறது, ஆனாலும் என் கண்ணை மட்டும் நம்பி அந்தப் பணத்தைக் கொடுக்க மாட்டேன். சான்றுக் கட்டணத்தை இருவரும் பாதிப் பாதியாகக் கட்டுவது என்று பேசி முடித்திருக்கிறோம்.